இறவாரத்து இடைவெளி: குளிர்நாட்டுப் பரண்வெளிகளில் ஈரப்படிவும் கூரைக் காற்றோட்ட விதிகளின் வரலாறும் (1937–2021)

ஆய்வுச் சுருக்கம்

குளிர்நாட்டு வீடுகளில் சரிவான கூரைக்கும் அதன்கீழ் அமைந்த உட்கூரைக்கும் இடைப்பட்ட வெளியில் நீராவி குளிர்ந்து நீராகப் படிவது, இருபதாம் நூற்றாண்டில் பெருகிய கட்டடச் சிக்கல்களுள் ஒன்றாகும். இதற்குத் தீர்வாக அமெரிக்காவில் 1942ஆம் ஆண்டில் 1/300 என்னும் விகிதமும், இங்கிலாந்திலும் வேல்சிலும் 1985ஆம் ஆண்டில் 10 மி.மீ. இறவார இடைவெளியும் விதிகளாயின. இவ்விரு அளவுகளும் எச்சூழலில் விதியாயின, ஏன் நிலைபெற்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஈரத்தின் ஊற்று வீட்டினுள்ளும், அது ஏறும் வழி உட்கூரையின் விரிசல்களிலும் இருக்க, விதி மட்டும் நீர் கண்ணுக்குப் புலப்பட்ட கூரையின்மீது முதலில் எழுதப்பட்டது. அளந்து சரிபார்க்க எளிதாயிருந்தமையே அது நிலைபெற்றதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பரண்வெளி, ஈரப்படிவு, கூரைக் காற்றோட்டம், வெப்பக் காப்பு, கட்டட விதிகள், இறவாரம்.

1. முன்னுரை

கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் முகப்பையும் தூணையும் கோபுரத்தையும் பேசுகிறது. வீட்டார் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே ஏறிப் பார்க்கும் கூரையடி இருளுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பதரிது. ஆயினும் வெப்பம், எரிபொருள், உடல்நலம், அரசு விதி ஆகிய நான்கும் ஒன்றோடொன்று மோதிய களங்களுள் அவ்விருளும் ஒன்று.

தமிழக வீடுகளில் 'லாஃப்ட்' என்பது அறைச் சுவரின் மேற்புறத்தில் பழம்பொருள்களை அடுக்கி வைக்கும் சிமெண்டுத் தட்டைக் குறிக்கும். பிரிட்டனில் அச்சொல் சரிவுக் கூரைக்கும் மேல்மாடியின் உட்கூரைக்கும் இடைப்பட்ட முக்கோண வெளியைச் சுட்டும். இக்கட்டுரையில் அது 'பரண்வெளி' என வழங்கப்பெறுகிறது. நீராவி குளிர்பரப்பில் பட்டுச் சுருங்கி நீராகப் படிதல் 'ஈரப்படிவு' எனப்படுகிறது. கூரைச் சரிவின் கீழ்விளிம்பு 'இறவாரம்', மேல்விளிம்பு 'முகடு' ஆகும்.

பிரிட்டனின் விதியையே இக்கட்டுரை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் முன்னரே இதே சிக்கலை எண்ணால் தீர்க்க முயன்ற நாடு அமெரிக்கா ஆதலின், அவ்வனுபவம் முதலில் கூறப்படுகிறது.

2. ஈரப்படிவின் இயல்பு

20 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 பாகையில் 5 கிராமுக்கும் குறைவாகவே தாங்கும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே துளிகள் அரும்புவது இதனாலேயே. 20 பாகையும் 50 விழுக்காடு ஒப்பு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8.7 கிராம் ஆவி இருக்கும். அக்காற்று ஏறத்தாழ 9 பாகைக்குக் குளிர்ந்தவுடன் ஈரம் படியத் தொடங்கும். 2 பாகைக்குக் குளிர்ந்தால் கன மீட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம் நீர் வெளிப்படும். மணிக்கு 10 கன மீட்டர் அறைக்காற்று உட்கூரையின் விரிசல்கள் வழியே மேலேறி, முழுவதும் அவ்வாறு குளிர்வதாகக் கொண்டால், பத்து மணி நேர இரவொன்றில் 300 கிராம் அளவிலான நீர் கூரையின் உட்புறத்தில் சேரும்.

மூச்சு, சமையல், குளியல், உள்ளே உலர்த்தும் துணி ஆகியவற்றால் நால்வர் வாழும் வீட்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீர் ஆவியாகக் கலக்கிறது என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு. இவ்வாவி பரண்வெளியை அடைய இரு வழிகள் உண்டு. ஒன்று, உட்கூரைப் பலகையின் நுண்துளைகளூடே ஊடுருவுதல். மற்றொன்று, ஏறுகதவின் விளிம்பு, குழாய்த்துளை, விளக்குப் பொருத்து ஆகியவற்றின் இடைவெளிகள் வழியே காற்றோடு காற்றாக ஏறுதல். வெப்பக்காற்று மேலெழும் இயல்பினது ஆதலால், குளிர்காலத்தில் வீட்டின் மேற்பகுதியில் காற்றின் அழுத்தம் சற்று மிகுந்து, உள்ளிருக்கும் காற்றை மேல்நோக்கித் தள்ளும். இவ்விரண்டனுள் பின்னதே பெரும்பாலும் மிகுதியான ஈரத்தைச் சுமக்கிறது. இவ்வேறுபாடே பின்வரும் வரலாற்றைப் புரிந்துகொள்ளும் திறவுகோலாகும்.

3. காற்று புகுந்த பழங்கூரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரிட்டானிய வீட்டுக் கூரையில் கைமரங்களின்மீது ரீப்பர்கள் அறையப்பட்டு, அவற்றின்மீது கற்பலகை ஓடுகளோ சுட்ட ஓடுகளோ வேயப்பட்டன. ஓடுகளின் அடிப்புறத்தில் மயிர் கலந்த சுண்ணாம்புச் சாந்து பூசும் வழக்கமும் இருந்தது. எனினும் ஓடுகளின் இணைப்புகள்தோறும் காற்று தடையின்றிப் புகுந்து வெளியேறியது. அறைதோறும் கணப்பும் புகைபோக்கியும் இருந்தன. எரியும் நெருப்பு அறைக்காற்றை இடைவிடாது இழுத்து வெளியேற்றியது. அதனோடு ஈரமும் வெளியேறியது. வெப்பக் காப்பு இன்மையால் உட்கூரை வழியே கசிந்த வெப்பம் பரண்வெளியைச் சற்றே வெதுவெதுப்பாக வைத்தது.

அவ்வீடு குளிரானது, எரிபொருளை விழுங்கியது. ஆயினும் அதன் கைமரங்கள் உலர்ந்திருந்தன. காற்றோட்டம் எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. கட்டுமானத்தின் குறைபாடே காற்றோட்டமாகப் பயன்பட்டது. அக்குறைபாடு திருத்தப்பட்டபோது, அதனோடு அதன் பயனும் மறைந்தது.

4. அமெரிக்கா: ஓர் எண் விதியாதல்

1930களில் அமெரிக்காவின் வடமாநிலங்களில் மரவீடுகளின் சுவர்களிலும் பரண்களிலும் வெப்பக் காப்புப் பொருள்களை நிரப்பும் வழக்கம் பரவிற்று. அதையடுத்துச் சில வீடுகளின் புறச்சுவர் வண்ணப்பூச்சு கொப்பளித்து உரிந்தது. காப்புப் பொருளே ஈரத்தை இழுக்கிறது என வண்ணம் பூசுவோர் குறைகூறினர். இச்சூழலில், விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் இயங்கிய அரசின் வனப்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த டீஸ்டேல், சுவரிலும் பரணிலும் நிகழும் ஈரப்படிவு குறித்து 1937இல் எழுதினார். வெப்பமான பக்கத்தில் ஆவித்தடுப்பு அமைத்தல் என்னும் கருத்து இக்காலத்திலேயே உருப்பெற்றுவிட்டது.

மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிராங்க் ரௌலியும் அவர்தம் குழுவினரும் 1938–39ஆம் ஆண்டுகளில் குளிரூட்டப்பட்ட அறைக்குள் கட்டட மாதிரிகளை அமைத்துச் சோதித்தனர். ஆவித்தடுப்பு, பரண் காற்றோட்டம் ஆகிய இரண்டின் பயனையும் அவை ஆராய்ந்தன. ஆனால் ஆய்வகத்து மாதிரியினும் மக்கள் வாழும் வீடு சிக்கலானது. அதன் உட்கூரையின் விரிசல்கள் வீட்டுக்கு வீடு வேறுபடும். அங்கு உண்டாகும் ஈரமும் அவ்வாறே.

1934இல் தோற்றுவிக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. காப்புறுதி பெற விரும்பும் வீடு அந்நிர்வாகத்தின் குறைந்தபட்சத் தரங்களை நிறைவுசெய்ய வேண்டும். ஆகவே அதன் தரக்குறிப்பில் ஓர் எண் இடம்பெற்றால், நாடு முழுவதும் வீடு கட்டுவோர்க்கு அது நடைமுறைச் சட்டமாகிவிடும். 1942 சனவரித் தரக்குறிப்பில் பரண் காற்றுவழிகளின் மொத்தத் திறப்பு, கீழுள்ள பரப்பில் 1/300 பங்கேனும் இருத்தல் வேண்டும் என்னும் நெறி இடம்பெற்றது. அவ்விகிதத்துக்கு ஆதாரமான ஆய்வு எதனையும் அக்குறிப்பு சுட்டவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கட்டடவியல் ஆய்வாளர் வில்லியம் ரோஸ் 1990களில் இவ்விதியின் பிறப்பை வரலாற்று நோக்கில் ஆராய்ந்து இவ்வெறுமையை வெளிக்கொணர்ந்தார்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரிட்டன் 1947–48இல் நடத்திய சோதனைகள் இவ்விகிதத்துக்கு அரணாகப் பிற்காலத்தில் எடுத்துக்காட்டப்பட்டன. காலவரிசையை நோக்கின், விதி முன்னே செல்ல ஆய்வு பின்னே வந்திருப்பது புலனாகும். பின்னர் எழுந்த மாதிரிக் கட்டட விதித்தொகுப்புகள் 1/150 என்பதைப் பொதுவிதியாகவும், சில கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டால் 1/300 என்பதைச் சலுகையாகவும் கொண்டன. குளிர் மிகுந்த வட மாநிலத்துக்கும் புழுக்கம் மிகுந்த தென் மாநிலத்துக்கும் ஒரே எண் பொருந்துவதாகக் கொள்ளப்பட்டது.

5. பிரிட்டன்: காப்பு பெற்ற வீடும் குளிர்ந்த பரணும்

பிரிட்டனில் இச்சிக்கல் ஒரே நாளில் தோன்றவில்லை. தனித்தனியே நன்மை பயந்த பல மாற்றங்கள் ஒன்றுகூடி அதனை உருவாக்கின.

முதலாவது, ஓடுகளின் அடியில் விரிக்கப்பட்ட தார்விரிப்பு. சணல் துணியால் வலுவூட்டப்பட்டுத் தாரில் தோய்ந்த இவ்விரிப்பு, இரு உலகப் போர்களுக்கு இடையில் பரவத் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொதுவழக்காயிற்று. காற்றோடு வரும் மழையையும் பனித்துகளையும் அது தடுத்தது. நீராவி வெளியேறுவதையும் தடுத்தது.

இரண்டாவது, கணப்பின் மறைவு. 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டத்தின் விளைவாக 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. 1967 முதல் 1977 வரையிலான பத்தாண்டுகளில் நாட்டின் எரிவாயுப் பயன்பாடு இயற்கை எரிவாயுவுக்கு மாற்றப்பட்டது. நடுவண் வெப்பமூட்டல் பரவப் பரவக் கணப்புகள் அடைக்கப்பட்டன. அறைக்காற்றை இழுத்துச் சென்ற புகைபோக்கிகள் ஓய்ந்தன. புகைபோக்கியற்ற மண்ணெண்ணெய் அடுப்புகளை நாடிய வீடுகளில் நிலைமை மேலும் மோசமானது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிகையில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறையிலேயே கலக்கும்.

மூன்றாவது, வெப்பக் காப்பு. 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின் காலத்தில் உட்கூரைமீது 25 மி.மீ. அளவு கனிம இழைப்பஞ்சே போதுமெனக் கொள்ளப்பட்டது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனம் நாட்டின் கொள்கையாயிற்று. 1978ஆம் ஆண்டு வீட்டு வெப்பக்காப்புச் சட்டம், பழைய வீடுகளின் பரண்களில் காப்பு இடுவதற்கு மானியம் வழங்க வழிசெய்தது. 1980களில் 100 மி.மீ. தடிப்பு வழக்கமாயிற்று, இன்று 270 மி.மீ. பரிந்துரைக்கப்படுகிறது.

காப்பு தன் கடமையைச் செவ்வனே செய்தது: வெப்பத்தை அறையிலேயே நிறுத்தியது. அதனால் பரண்வெளி முன்னினும் குளிர்ந்தது. இழைப்பஞ்சு வெப்பம் கடப்பதைத் தடுக்குமேயன்றி, ஆவி கடப்பதைத் தடுக்காது. ஆகவே ஈரக்காற்று முன்போலவே மேலேறிற்று; ஆனால் முன்னினும் குளிர்ந்த மரத்தையும் ஆணிகளையும் தார்விரிப்பையும் சந்தித்தது. கைமரங்களில் கரும்பூசணம் படர்ந்தது, ஆணித்தகடுகள் துருவேறின, உறைபனியாகத் தங்கிய நீர் காலை வெயிலில் உருகி இழைப்பஞ்சில் சொட்டியது. நனைந்த பஞ்சு காப்புத் திறனை இழந்தது. எந்த எரிபொருளைச் சேமிக்கக் காப்பு இடப்பட்டதோ, அதே எரிபொருள் மீண்டும் வீணாயிற்று.

6. பத்து மில்லிமீட்டர் விதி

வீடுகளில் ஈரப்படிவைக் கட்டுப்படுத்துவது குறித்த பிரிட்டானியத் தரநிலை பி.எஸ். 5250 முதன்முதலில் 1975இல் வெளிவந்தது. ஆயினும் பரண் காற்றோட்டத்துக்குப் பரவலான நடைமுறை வலிமை தந்தது, 1985ஆம் ஆண்டுக் கட்டட விதிகளோடு வெளியான ஏற்புடை வழிகாட்டி 'எஃப்' ஆகும். அதன் இரண்டாம் பகுதி கூரை ஈரப்படிவுக்கென்றே ஒதுக்கப்பட்டது.

அவ்வழிகாட்டியின்படி, 15 பாகைக்குக் குறையாத சரிவுடைய கூரையில் எதிரெதிர் இறவாரங்களில் முழுநீளத்துக்கும் 10 மி.மீ. அகலத் தொடர் இடைவெளிக்கு நிகரான காற்றுவழி அமைதல் வேண்டும். சரிவு 15 பாகைக்குக் குறைந்தால் அவ்விடைவெளி 25 மி.மீ. ஆக வேண்டும். சுவரில் சாய்ந்து நிற்கும் ஒருபுறச் சரிவுக் கூரைக்கு, இறவாரத்தோடு மேல்விளிம்பிலும் 5 மி.மீ. இடைவெளி வேண்டும். ஒரு புறத்தில் நுழையும் காற்று எதிர்ப்புறத்தில் வெளியேறிக் குளிர்ந்த பரணை உலர்த்தும் என்பதே இதன் அடிப்படை.

விதி தெளிவானது, அளவுகோல் கொண்டு சரிபார்க்கத்தக்கது. அது பயனற்றது என்று கூறுவதும் பொருந்தாது. காப்பு இடப்பட்டுக் காற்றுவழி இல்லாத பரண்களில் இறவாரத் திறப்பு ஈரத்தைக் குறைத்தது. ஆனால் அதன் வெற்றி இரு நிபந்தனைகளைச் சார்ந்திருந்தது: திறப்பு திறந்தே இருக்க வேண்டும், வெளிக்காற்று உலர்த்தும் ஆற்றல் உடையதாயிருக்க வேண்டும்.

இவற்றுள் முதல் நிபந்தனையைக் குலைத்தது காப்பின் பெருக்கமே. தடித்த பஞ்சுப்பாய் இறவாரத்து மூலைவரை திணிக்கப்பட்டபோது, விதி கோரிய இடைவெளி அடைபட்டது. ஓர் அரசுத் திட்டம் திறக்கச் சொன்ன வாயிலை மற்றோர் அரசுத் திட்டத்தின் பணியாளர் அறியாமலே மூடினர்.

இரண்டாம் நிபந்தனை இயற்கையைச் சார்ந்தது. பிரிட்டனின் குளிர்காலக் காற்று பெரும்பாலும் ஈரத்தால் நிறைவுறும் நிலைக்கு அணுக்கமானது. மேகமற்ற இரவில் ஓடுகள் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்த்து, வெளிக்காற்றினும் சில பாகை கீழே குளிரும். அந்நிலையில் வெளியிலிருந்து வரும் காற்று உலர்த்துவதற்கு மாறாக, தானே ஈரத்தைப் படியவிடவும் கூடும். சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்காரணம்பற்றியே, வெளிக்காற்று உலர்த்தும் தகுதியுடன் இருக்கும் வேளையில் மட்டும் பரணுக்குள் காற்றைச் செலுத்தும் தகவமைப்புக் காற்றோட்ட முறையை முன்வைத்தனர்.

7. இரு அளவுகளின் ஒப்பீடு

அமெரிக்க விதி பரப்பைச் சார்ந்தது. பிரிட்டானிய விதி இறவாரத்தின் நீளத்தைச் சார்ந்தது. இவற்றை ஒரே அலகில் வைத்து நோக்குவது பயன் தரும். இருபுறமும் 10 மி.மீ. இடைவெளி எனின், வீட்டின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 0.02 சதுர மீட்டர் திறப்பு கிடைக்கும். இறவாரத்துக்கு இறவாரம் 6 மீட்டர் அகலமுள்ள வீட்டில் அதே ஒரு மீட்டர் நீளத்துக்கு உட்கூரைப் பரப்பு 6 சதுர மீட்டர். விகிதம் மிகச் சரியாக 1/300 ஆகிறது. 4 மீட்டர் அகல வீட்டில் அது 1/200 ஆக உயரும். 9 மீட்டர் அகல வீட்டில் 1/450 ஆகத் தாழும்.

இப்பொருத்தம் ஒரு விதி மற்றொன்றிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்றாகாது. ஆனால் இரண்டின் பொதுவியல்பை அது காட்டுகிறது. எளிய வீட்டு அளவில் இரண்டும் ஒரே திறப்பையே வேண்டுகின்றன. வீடு அகலும்போது பிரிட்டானிய விதி தளர்கிறது. அமெரிக்க விதி தளர்வதில்லை. இருவிதிகளும் கூரைத் திறப்பின் அளவை வரையறுக்கின்றனவேயன்றி, உட்கூரை வழியே ஏறும் ஈரத்தின் அளவு அவற்றின் கணக்கில் இடம்பெறவில்லை. விரிசல் நிறைந்த உட்கூரைக்கும் நன்கு அடைக்கப்பட்ட உட்கூரைக்கும் ஒரே திறப்பு. பெருகும் நீரின் வரத்தை அறியாமல் மதகின் அகலத்தை மட்டும் நிருணயித்தது போன்றதே இது.

8. கூரையிலிருந்து உட்கூரைக்கு

1990களில் ஆவி ஊடுருவத்தக்க புதுவகைக் கூரைவிரிப்புகள் பிரிட்டனில் பரவின. மழைநீரைத் தடுத்து ஆவியை வெளியேற்றும் இவை, ஆவித்தடை 0.25 மெகாநியூட்டன் வினாடி/கிராம் என்னும் எல்லையைத் தாண்டாவிடின் குறைதடை விரிப்புகளாகவும், தாண்டின் மிகுதடை விரிப்புகளாகவும் வகுக்கப்பட்டன. பழைய தார்விரிப்பு மிகுதடை வகையைச் சார்ந்தது. இறவாரத் திறப்பே தேவையில்லை என்னும் வணிக வாதமும் இதனுடன் எழுந்தது. ஆனால் விரிப்பு எவ்வளவு ஆவியைக் கடத்தினாலும், கீழிருந்து வரும் ஈரம் அதனினும் மிகுந்தால் படிவு தவிராது. விரிப்பின் தரம் பற்றிய விவாதமே ஈற்றில் கவனத்தை உட்கூரையின்பால் திருப்பிற்று.

விதி ஏடுகளின் இடமாற்றமும் பெயர்மாற்றமும் இத்திருப்பத்துக்குச் சான்று பகர்கின்றன. கூரை ஈரப்படிவுக்கான நெறி, காற்றோட்டம் பற்றிய 'எஃப்' பகுதியிலிருந்து ஈரத் தடுப்புப் பற்றிய 'சி' பகுதிக்கு 2004இல் மாற்றப்பட்டது. 2007இல் வெளியான பி.எஸ். 9250, சரிவுக் கூரை வீடுகளின் உட்கூரையைக் காற்றுப்புகாது அமைத்தல் பற்றியே எழுதப்பட்டது. 1975, 1989, 2002, 2011 ஆகிய ஆண்டுப் பதிப்புகளின் தலைப்பில் 'ஈரப்படிவைக் கட்டுப்படுத்தல்' என்னும் பொருளைத் தாங்கிய பி.எஸ். 5250, 2021 பதிப்பில் 'கட்டடங்களில் ஈரத்தை மேலாளுதல்' எனப் பெயர் மாறியது. ஈரம் அகற்றப்பட வேண்டிய பகை என்னும் நிலையிலிருந்து, ஊற்று முதல் போக்கிடம் வரை நிருவகிக்கப்பட வேண்டிய ஒன்று என்னும் நிலைக்கு எண்ணம் நகர்ந்துள்ளமையை இத்தலைப்பு உணர்த்துகிறது. அமெரிக்காவிலும் ரோஸ், டென்வோல்ட் ஆகியோரின் ஆய்வுகளை ஒட்டிய விவாதங்களுக்குப் பின், உரிய கட்டுப்பாடுகளுடன் காற்றுவழியற்ற பரண்களையும் விதித்தொகுப்பு 2000களில் ஏற்றது.

இன்றைய நடைமுறையில் வரிசை தலைகீழாகியுள்ளது. குளியலறையின் ஈரக்காற்றை இழுக்கும் விசிறியின் குழாய் பரணில் முடியாமல் வீட்டுக்கு வெளியே முடிய வேண்டும்; ஏறுகதவின் விளிம்பும் குழாய்த்துளைகளும் அடைக்கப்பட வேண்டும்; பரணிலுள்ள நீர்த்தொட்டிக்கு மூடி வேண்டும். இவற்றின் பின்னரே இறவாரத்தில் பஞ்சு அடைக்காதபடி தடுப்புத் தட்டுகளும், தேவைப்படின் ஓட்டுத் துவாரங்களும் பேசப்படுகின்றன. உட்கூரை விரிசல்களை விட்டுவிட்டு முகட்டில் மட்டும் திறப்பை மிகுத்தால், அது வீட்டின் ஈரக்காற்றையே மேலும் உறிஞ்சிக் கொணரவும் கூடும்.

9. பொறுப்பு யாருடையது?

இவ்வரலாற்றைத் தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் கருதுதல் போதாது. பரணில் சொட்டும் நீரைக் கண்ட வீட்டார் அதனைக் கூரை ஒழுகல் எனக் கருதி ஓடு மாற்றுவதற்குச் செலவிடுவது பொதுவாக நிகழ்வது. மழைநாளில் தோன்றுவது ஒழுகல். மழையற்ற, தெளிந்த குளிரிரவை அடுத்துத் தோன்றுவது ஈரப்படிவு. இவ்வேறுபாடு அறியப்படாவிடின் பணம் செலவாகும்; ஈரம் எஞ்சும்.

ஈரம் வீட்டாரின் வாழ்முறையால் வருவது என்னும் விளக்கமும் நெடுங்காலம் வழங்கிற்று. துணியை உள்ளே உலர்த்தாதீர், சன்னலைத் திறந்து வையுங்கள் என்பன வாடகைதாரருக்குக் கூறப்பட்ட அறிவுரைகள். இங்கிலாந்தின் வீட்டுவசதிக் குறைதீர்ப்பாளர் 2021 அக்டோபரில் ஈரமும் பூசணமும் பற்றி வெளியிட்ட அறிக்கை, 'இது வாழ்முறையன்று' எனும் பொருள்படும் தலைப்பையே தாங்கி, அவ்விளக்கத்தை மறுத்தது. அவ்வறிக்கையின் களம் வாழும் அறைகளேயாயினும், அதன் வாதம் பரண்வெளிக்கும் பொருந்தும். மூச்சுவிடுதலும் சமைத்தலும் குற்றமாகா. அவற்றால் எழும் ஆவிக்கு வழி வகுப்பது கட்டுவோரின் கடமை. அக்கடமையைச் சரியான இடத்தில் எழுதுவது விதி வகுப்போரின் கடமை.

10. முடிவுரை

பரண்வெளியின் ஈரப்படிவு, பழைய கூரையின் குறைபாடுகளைத் திருத்தியதால் விளைந்த புதிய குறைபாடு என்பது மேற்கூறியவற்றால் பெறப்படும். ஆவித்தடுப்பின் தேவை 1930களிலேயே உணரப்பட்டிருந்தும், உட்கூரையைக் காற்றுப்புகாது அமைத்தல் பற்றித் தனித் தரநிலை ஒன்று பிரிட்டனில் 2007இல்தான் எழுந்தது. இடைப்பட்ட எழுபதாண்டுகளில் 1/300, 10 மி.மீ. ஆகிய அளவுகளே ஆட்சி செலுத்தின. ஆய்வாளர் அறியாமையை மட்டும் இதற்குக் காரணமாகக் கொள்ள இயலாது. இறவாரத்து இடைவெளியை அளவுகோல் அளக்கும்; கடன் வழங்குவோரும் மேற்பார்வையாளரும் ஒரே பார்வையில் சரிபார்ப்பர். உட்கூரையில் பரவிக்கிடக்கும் மயிரிழை விரிசல்களை அவ்வாறு அளத்தல் இயலாது. அளக்கத்தக்கது விதியாயிற்று, அளக்க அரியது வீட்டாரின் வாழ்முறைமீது சுமத்தப்பட்டது.

இன்று கரிம உமிழ்வைக் குறைக்கும் நோக்கில் பழைய வீடுகளுக்குக் காப்பு இடும் பணி மீண்டும் விரைவு பெறுகிறது. காப்பின் தடிப்பை எண்ணால் குறிக்கும் திட்டம், உட்கூரையின் அடைப்பையும் இறவாரத்தின் திறப்பையும் அதே ஆணையில் ஒருங்கே கோராவிடின், 1978ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழும். வெப்பத்தை நிறுத்தும் ஒவ்வொரு முடிவும் ஈரத்தைப் பற்றிய முடிவும் ஆகும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.